தொமார், தோமொ, தொமாப: ஸ்பானிஷ் வினையைப் பகுபதமாகப் பிரித்துப் படிக்கும் வழி

கேள்வி: டெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வில் பி1 (நடுத்தர) நிலை எழுதலாம் என்று ஸ்பானிஷ் படிக்கிறேன். ஒழுங்கான வினை என்று சொல்லப்படுகிற ஒன்றுக்கே புத்தகத்தில் முழுப் பக்க அட்டவணை இருக்கிறது. வரிசையாக ஒப்பிக்க வருகிறது, பேசும்போது வாயில் வருவதில்லை. போதாததற்கு ஒரு புத்தகத்தில் இருக்கும் காலத்தின் பெயர் இன்னொன்றில் இல்லை. எந்த வரிசையில் படிப்பது? வொஸோத்ரொஸ் (ஸ்பெயினின் "நீங்கள் எல்லாரும்") வடிவங்களையும் படித்தே ஆக வேண்டுமா?

பதில்: வரிசையாக ஒப்பிக்க வருவதுதான் உங்கள் பிரச்சினையே. "குடித்தோம்" என்று சொல்ல நினைத்தால் மனசு யோ, தூ, எல் (நான், நீ, அவன்) என்று முதல் வரியிலிருந்து எண்ணிக்கொண்டு கீழே இறங்குகிறது, அதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா கரும்பலகையில் பிரித்துப் போட்ட பகுபத உறுப்பிலக்கணம் ஞாபகம் இருக்கிறதல்லவா, பகுதி, இடைநிலை, விகுதி என்று? செய்தோம் என்பது செய் + த் + ஓம். அன்றைக்கு மார்க்குக்காகப் படித்ததுதான், ஸ்பானிஷ் வினைக்கு அப்படியே பொருந்தும். இங்கிலீஷ் வழியாக ஸ்பானிஷ் படிக்கிறவர்களுக்கு வினையின் வாலில் ஆள் ஒட்டிக்கொண்டிருப்பதே அதிசயமாகத் தெரியும். நமக்கு அதில் ஒன்றும் புதுசு இல்லை. "நான்" என்று சொல்லாமலே "வந்தேன்" என்கிறவர்கள் நாம்.

தொமார் என்ற வினையை எடுத்துக்கொள்வோம். எடுத்துக்கொள்வது, குடிப்பது, பஸ் பிடிப்பது எல்லாவற்றுக்கும் இதுதான். (லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் வெறுமனே "தோமஸ்?" என்று கேட்டால் காபியைக் கேட்கவில்லை, "தண்ணி போடுவீங்களா" என்று கேட்கிறார்கள்.) இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம், தமிழ் எழுத்தில் இது கிட்டத்தட்டச் சரியாக உட்காருகிறது. தொமாப என்பதில் வரும் ப, கோபத்தில் வரும் ப. தொமாதொ என்பதன் நடுவில் வரும் த, மாதத்தில் வரும் த. நான் நெடில் போட்டிருக்கும் இடத்தில்தான் அழுத்தம் விழும். இழுத்துச் சொல்ல வேண்டாம், அழுத்தினால் போதும்.

சரி, பிரிப்போம். தொமாபமொஸ் என்றால் "வழக்கமாகக் குடித்து வந்தோம்". தொம் என்பது பகுதி, ஆ என்பது ஆர் குடும்பத்து வினைகளுக்கு (தொமார் போல ஆர் என்று முடிபவை) உரிய உயிர், ப என்பது காலம் காட்டும் இடைநிலை, மொஸ் என்பது விகுதி. அந்த மொஸ் எந்தக் காலத்துக்குப் போனாலும் மாறாது: தொமாமொஸ், தொமாபமொஸ், தொமரேமொஸ், தொமேமொஸ். "நீ" என்றால் ஸ், "அவர்கள்" என்றால் ன், ஸ்பெயினின் "நீங்கள் எல்லாரும்" என்றால் ய்ஸ். நானுக்கும் அவன், அவள், உஸ்தேத் (மரியாதையான "நீங்கள்") மூவருக்கும் பெரும்பாலும் தனி விகுதி கிடையாது, தொமாப என்றால் நானாகவும் இருக்கலாம் அவளாகவும் இருக்கலாம், சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் யோ, ஏய (அவள்) என்று முன்னால் சேர்த்துக்கொள்வார்கள். ஆக, நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது நாலு விகுதியும் ஏழெட்டு இடைநிலையும்தான்.

நிகழ்காலம் உங்களுக்குத் தெரிந்ததே: தோமொ, தோமஸ், தோம, தொமாமொஸ், தொமாய்ஸ், தோமன். "நான்" வடிவத்தில் மட்டும் ஒ வருகிறது, வேறொன்றும் இல்லை.

வம்பு பிடித்தது இறந்தகாலம். தொமே, தொமாஸ்தெ, தொமோ, தொமாமொஸ், தொமாஸ்தெய்ஸ், தொமாரொன். காலங்களில் இது ஒன்றில்தான் "நீ"க்கு ஸ் வராது. ஸ்பானிஷ்காரர்களில் நிறையப் பேருக்கே அது பொறுக்காமல் பேச்சில் தொமாஸ்தெஸ் என்று ஒரு ஸ் ஒட்டிவிடுகிறார்கள், தேர்வில் நீங்கள் அப்படி எழுதினால் தப்பு. தொமாமொஸ் நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் ஒரே வடிவம், "நேற்று" இருக்கிறதா என்று பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். இதைவிட முக்கியம் அழுத்தம். தோமொ என்றால் நான் குடிக்கிறேன், தொமோ என்றால் அவர் குடித்தார். தோமெ என்றால் "குடியுங்கள்", தொமே என்றால் "குடித்தேன்". ஸ்பானிஷில் அழுத்தத்தைக் காட்ட எழுத்தின் மேல் போடும் சின்னக் கோடு விட்டுப்போனால் ஆளும் காலமும் சேர்ந்து மாறிவிடும், அதனால் கோட்டை அலங்காரம் என்று நினைக்காதீர்கள்.

அடுத்து தொமாப வரிசை: தொமாப, தொமாபஸ், தொமாப, தொமாபமொஸ், தொமாபய்ஸ், தொமாபன். வடிவம் சுலபம். ஸ்பானிஷ் முழுக்கத் தேடினாலும் இந்தக் காலத்தில் ஒழுங்கு தவறுகிற வினைகள் மூன்றே மூன்றுதான்: ஸேர் (இரு), ஈர் (போ), வேர் (பார்). எப்போது தொமே, எப்போது தொமாப என்பதில்தான் தமிழர்கள் தனியாக ஒரு குழியில் விழுகிறோம். "சின்ன வயசில் தினமும் பால் குடிப்பேன்" என்று சொல்கிறோம் பாருங்கள், நடந்து முடிந்த பழக்கத்துக்கு நாம் போடுவது எதிர்கால வடிவம். அதை அப்படியே மாற்றித் தொமரே என்று சொல்லிவிட்டால், கேட்கிறவருக்கு நீங்கள் இனிமேல்தான் பால் குடிக்கப் போகிறீர்கள் என்று அர்த்தமாகும். பழைய பழக்கத்துக்கு வருகிற "குடிப்பேன்", பின்னணியில் நடந்துகொண்டிருந்த "குடித்துக்கொண்டிருந்தேன்", இரண்டும் தொமாப. "நேற்று ஒரு காபி குடித்தேன்" என்று ஒரு தடவை நடந்து முடிந்தது தொமே. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் நீளமாக நடந்துகொண்டிருந்தது தொமாப வரிசையில் போகும், நடுவில் குறுக்கிட்டது தொமே வரிசையில் போகும்: காபி குடித்துக்கொண்டிருந்தேன், போன் வந்தது. இதை எனக்குத் தெரிந்து எந்த இங்கிலீஷ் வழிப் பாடப்புத்தகமும் நமக்காகச் சொல்வதில்லை, அவர்களுக்கு அந்தக் குழியே இல்லை.

எதிர்காலம்: தொமரே, தொமராஸ், தொமரா, தொமரேமொஸ், தொமரேய்ஸ், தொமரான். முழு வினைப்பெயரான தொமாரை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் அபேர் என்ற துணைவினையின் நிகழ்காலத்தை ஒட்டியது இது. அழுத்தம் மட்டும் வாலுக்கு நகர்ந்துவிட்டது. வரலாற்றிலும் அப்படித்தான் உருவானது. அபேர் எப்படி வரும்? ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், அபேய்ஸ், ஆன். மேலே இருக்கும் வால்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஓர் இடத்தில் மட்டும் அப் உதிர்ந்திருக்கிறது. அதே அபேரின் இறந்தகாலமான அபீயவின் வால் ஒட்டினால் தொமரீய, தொமரீயஸ், தொமரீய, தொமரீயமொஸ், தொமரீயய்ஸ், தொமரீயன், அதாவது "குடித்திருப்பேன், குடிப்பேனே (ஆனால்...)" என்கிற நிபந்தனை வடிவம். அபேரை ஒரு தடவை நன்றாகப் படித்தால் எதிர்காலம், நிபந்தனை, அப்புறம் ஏ தொமாதொ (குடித்திருக்கிறேன்), அபீய தொமாதொ (குடித்திருந்தேன்) என்ற கூட்டுக் காலங்கள் எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். அதனால் என் கட்சி, நிகழ்காலம் முடிந்த கையோடு அபேரை எடுக்க வேண்டும் என்பது. பாதிப் புத்தகங்கள் அதைக் கடைசியில் கொண்டு போய் வைத்திருக்கின்றன.

பேச்சில் "குடிக்கப் போகிறேன்" என்பதற்குப் பெரும்பாலும் வோய் அ தொமார் என்றே சொல்வார்கள். தொமரே வகை எதிர்காலம் அதிகம் காதில் விழுவது ஊகத்தில். ஸெரான் லஸ் த்ரேஸ் என்றால் "மணி மூணு இருக்கும்". நாம் சொல்கிற அதே "இருக்கும்"தான், எதிர்கால வடிவத்தில் நிகழ்கால ஊகம். இந்த இடத்தில் தமிழ் உங்களைக் காப்பாற்றும், பயப்படாமல் அப்படியே மாற்றலாம்.

இனி எல்லாரும் பயப்படுகிற சுப்ஹுந்தீவொ. விருப்பம், ஐயம், வேண்டுகோள், இன்னும் நடக்காதது, இதற்கெல்லாம் வரும் வடிவம். செய்ய வேண்டியது உயிரெழுத்தை மாற்றுவது மட்டும்: ஆர் வினைக்கு எ, ஏர், ஈர் வினைகளுக்கு அ. மாமியார் மருமகள் சேலையை மாற்றிக் கட்டிக்கொண்ட மாதிரி. தோமெ, தோமெஸ், தோமெ, தொமேமொஸ், தொமேய்ஸ், தோமென். சாப்பிடுவதற்கான கொமேர் என்றால் கோம, கோமஸ், கோம. "நீ குடிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்" என்பது கியேரொ கெ தோமெஸ். ஆள் மாறினால்தான் இது வரும். நானே குடிக்க விரும்பினால் வெறும் கியேரொ தொமார் போதும், அங்கே சுப்ஹுந்தீவொவைத் திணிக்காதீர்கள்.

கட்டளையும் இதற்குள்ளேயே அடங்கும். நெருக்கமானவரிடம் "குடி" என்றால் தோம, நிகழ்காலத்தின் "அவன்" வடிவமே. மரியாதைக்குத் தோமெ, பலரிடம் தோமென், வேண்டாம் என்றால் நோ தோமெஸ். இவை எல்லாம் சுப்ஹுந்தீவொ. "இந்தா, எடுத்துக்கோ" என்பது தோமலொ, "எடுக்காதே" என்பது நோ லொ தோமெஸ். அந்த லொ ("அதை") எதிர்மறையில் முன்னால் ஓடிவிடுவதைக் கவனியுங்கள்.

இறந்தகால சுப்ஹுந்தீவொவுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு, அது ஒழுங்கற்ற வினைகளுக்கும் வேலை செய்யும். "அவர்கள்" இறந்தகாலத்தை எடுங்கள், தொமாரொன். கடைசி ரொன்னை வெட்டிவிட்டு ர போடுங்கள்: தொமார, தொமாரஸ், தொமார, தொமாரமொஸ், தொமாரய்ஸ், தொமாரன். ஃபுவேரொன் (போனார்கள், இருந்தார்கள்) ஃபுவேர ஆகும், துவியேரொன் (வைத்திருந்தார்கள்) துவியேர ஆகும். தொமாஸெ என்று இன்னொரு ஜோடியும் இருக்கிறது, படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும். தொமார (குடித்தால்) வேறு, தொமரா (குடிப்பார்) வேறு, மறுபடியும் அழுத்தம். தொமாரெ என்று எதிர்கால சுப்ஹுந்தீவொ ஒன்று சட்ட வாசகங்களிலும் பழமொழிகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உங்கள் தேர்வுக்கு அது வேண்டாம்.

பெயர்க் குழப்பத்துக்குக் காரணம் ஆந்த்ரேஸ் பேயொ. கராகஸில் பிறந்து சிலியில் வாழ்ந்த இவர் 1847-ல் அமெரிக்கக் கண்டத்தவருக்காக ஓர் இலக்கணம் எழுதினார், அதில் காலங்களுக்குத் தன் சொந்தப் பெயர்களை வைத்தார். தொமே அவருக்குப் பிரெதேரிதொ, தொமாப கொபிரெதேரிதொ, தொமரீய பொஸ்பிரெதேரிதொ. மெக்சிகோவில் இன்றும் இந்தப் பெயர்கள் பாடப்புத்தகத்தில் உண்டு. ஸ்பெயினில் அச்சாகும் புத்தகங்களில் இவையே இந்தெஃபினீதொ, இம்பெர்ஃபெக்தொ, கொந்திசியொனால். ஒரு புத்தகத்தின் பெயர்களை வைத்துக்கொண்டு, மற்றதில் பெயரைப் பார்க்காமல் "நான்" வடிவத்தைப் பாருங்கள். தொமாப என்று இருந்தால் அது எது என்று உங்களுக்கே தெரியும்.

வரிசை கேட்டீர்கள். நிகழ்காலம், அபேரோடு தொமாதொ, பிறகு தொமே, தொமாப இரண்டையும் சேர்த்தே, தனித்தனியாக வேண்டாம், ஏனென்றால் கஷ்டம் வடிவத்தில் இல்லை, தேர்வு செய்வதில். அப்புறம் கட்டளை, அதோடு ஒட்டினாற்போல நிகழ்கால சுப்ஹுந்தீவொ, பிறகு எதிர்காலமும் நிபந்தனையும். பி1-க்குப் பொதுவாக இவ்வளவு தேவைப்படும். தொமார வரிசை பி2-வில் வருவது, முந்திக்கொண்டு படித்தால் நஷ்டம் இல்லை. பயிற்சிக்கு ஆறு வடிவத்தையும் வரிசையாகச் சொல்லவே சொல்லாதீர்கள். யாரையாவது கேள்வி கேட்கச் சொல்லுங்கள், ஆள் இல்லாவிட்டால் நீங்களே உரக்கக் கேளுங்கள்: தொமாஸ்தெ கஃபே? ஸீ, தொமே. தோமஸ் தே? நோ, நோ தோமொ. பேச்சில் "நீ" என்று கேள்வி வந்தால் "நான்" என்று பதில் போகும், அந்தத் தடம்தான் வாயில் பதிய வேண்டும். தொமார் பழகியதும் தொக்கார் (தொடு, வாசி) எடுத்துப் பாருங்கள். தொக்கே என்று எழுதும்போது சி எழுத்து போய் கியூ, யூ வரும். அது ஒழுங்கின்மை இல்லை, ஒலியைக் காப்பாற்ற எழுத்து மாறுகிறது, அவ்வளவே.

வொஸோத்ரொஸ் ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்திடமும் குடும்பத்திடமும் தினமும் புழங்குவது. லத்தீன் அமெரிக்காவில் அதற்கும் உஸ்தேதெஸ்தான், வடிவம் தோமன், தொமாபன் என்று "அவர்கள்" வரிசையிலேயே போய்விடும். டெலேயில் எந்த நாட்டு நல்ல வழக்கையும் ஏற்றுக்கொள்கிறார்கள், அதனால் எழுதும்போதும் பேசும்போதும் உஸ்தேதெஸ் மட்டும் வைத்துக்கொண்டு ஐந்து வடிவத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், நடுவில் கலக்காமல் இருந்தால் சரி. ஆனால் கேட்டல் பகுதியில் மத்ரீத் குரல்கள் வரும், ஆய்ஸ், ஏய்ஸ், ஸ்தெய்ஸ் என்று முடிந்தால் "நீங்கள் எல்லாரும்" என்றும், தொமாத் என்று கேட்டால் "எல்லாரும் குடியுங்கள்" என்றும் காதுக்குப் புரிய வேண்டும். அர்ஜென்டினாவில் "நீ" என்பதே வோஸ், அதற்குத் தோமஸ் இல்லை தொமாஸ், கட்டளை தோம இல்லை தொமா. அந்தப் பக்கம் வேலையோ உறவோ இருந்தால் மட்டும் இதை வாயில் பழக்குங்கள்.