கேள்வி–பதில்: கேங் கண்டென்சரில் ஆண்டெனா டியூனர்

கே: ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் கிடைத்துவிட்டது. 10 வாட் ரிக் (அனுப்பவும் வாங்கவும் செய்யும் ரேடியோ) இருக்கிறது. மொட்டை மாடியில் ஒரே கம்பியைக் கட்டி 7, 14 மெகாஹெர்ட்ஸ் இரண்டிலும் பேச ஆசை. பழைய வால்வு ரேடியோவின் கேங் கண்டென்சரை (குமிழைத் திருப்பி மதிப்பை மாற்றும் கண்டென்சர்) வைத்து, கம்பியை ரிக்கின் 50 ஓமுக்குப் பொருத்தும் டியூனர் செய்யலாமா? 'டி' சுற்றா, 'எல்' சுற்றா?
– வாசகர், கரூர்

ப: 'எல்' சுற்றே (ஒரு காயில், ஒரு கண்டென்சர்) செய்யுங்கள். காரணம் உங்கள் கையிலிருக்கும் கேங்தான். அதன் சுழலும் தகடுகள் சட்டத்தோடு இணைந்தவை. எல் சுற்றில் சட்டம் எர்த்துக்குப் போவதால் உலோகப் பெட்டியிலேயே திருகிவிடலாம். டி சுற்றில் (இரண்டு கண்டென்சர், நடுவில் ஒரு காயில்) சட்டம், குமிழ்த்தண்டு இரண்டையும் பெட்டியைத் தொடாமல் நிறுத்த வேண்டும். தவறான இடத்தில் டியூன் ஆகி, சக்தி காயிலிலேயே சூடாகப் போவதும் அதில்தான் அதிகம்.

காயிலுக்கு 40 மி.மீ. வெளிவிட்டமுள்ள பி.வி.சி. குழாய் போதும். மோட்டார் ரீவைண்டிங் கடையில் 18 கேஜ் எனாமல் கம்பி 50 கிராம் வாங்குங்கள். 60 மி.மீ. நீளத்தில் 30 சுற்று வர வேண்டும். கம்பியோடு நூலையும் சேர்த்துச் சுற்றிப் பிறகு நூலை உருவினால் இடைவெளி சீராக அமையும். ஏறக்குறைய 18 மைக்ரோஹென்றி கிடைக்கும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எனாமலைச் சுரண்டி டேப் (இடை இணைப்பு) எடுங்கள். எனாமல் மிச்சமிருந்தால் ஈயம் ஒட்டியதுபோல் தெரியும், ஒட்டியிருக்காது.

ரிக்கிலிருந்து வரும் கேபிளின் நடுக்கம்பி காயிலின் ஒரு முனைக்கு. குரோக்கடைல் கிளிப் வழியாக டேப்பிலிருந்து ஆண்டெனாவுக்கு. கேங்கின் ஒரு பிரிவிலுள்ள நிலைத்தகடுகளை ஒரு டாகிள் சுவிட்சின் நடுமுனையில் இணைத்து, ஒரு பக்கம் ஆண்டெனாவுக்கும் மறுபக்கம் ரிக்குக்கும் போகவிடுங்கள். 50 ஓமுக்கு மேற்பட்ட சுமைக்கு (ஆண்டெனா காட்டும் தடை) ஆண்டெனா பக்கம், குறைவானதற்கு ரிக் பக்கம். 7.1 மெகாஹெர்ட்ஸில் 1000 ஓம் சுமைக்குக் கணக்குப்படி 4.9 மைக்ரோஹென்றி, 98 பிகோஃபாரட் வேண்டும். அதாவது 11 சுற்று அளவு. 14-க்கு இரண்டும் பாதி.

கம்பி 12.5 மீட்டர் இருக்கட்டும். 10 மீட்டர் 14-லும், 20 மீட்டர் இரண்டு பேண்டிலும் அரை அலையின் மடங்காகிவிடும். சுமை ஆயிரக்கணக்கான ஓமுக்கு ஏறி, குமிழை மயிரிழை திருப்பினாலும் டியூனிங் நழுவும். முதலில் ரிசீவரில் இரைச்சல் கூடும் இடத்தைப் பிடித்து, பிறகு 1 வாட்டில் எஸ்.டபிள்யூ.ஆர். (பொருத்தத்தைக் காட்டும் விகிதம்; 1 என்றால் முழுப் பொருத்தம்) பாருங்கள். முழுச் சக்தியில் குமிழைத் திருப்பினால் ரிக்கின் ஃபைனல் டிரான்சிஸ்டர் போய்விடும்.

கே: டியூனரில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.2 வருகிறது. பெட்டியைத் தொட்டால் 3 ஆகிறது, மைக்கில் 'சுருக்'கென்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

ப: கவுண்டர்பாய்ஸ் (ஆண்டெனாவுக்கு மறுபாதியாக அமையும் கம்பி) இல்லை, உங்கள் உடலும் மைக் கம்பியும் அந்த வேலையைச் செய்கின்றன. 10 மீட்டரில் ஒன்று, 5 மீட்டரில் ஒன்று என உறையுள்ள கம்பிகளை டியூனர்ப் பெட்டியில் இணைத்து மாடித்தரையில் விரித்துவிடுங்கள். கடைசி முனைகளுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், அங்கே வோல்ட்டேஜ் அதிகம். வீட்டு மின்சார எர்த் இதற்கு மாற்றாகாது.

கே: டியூனரை ரிக் பக்கத்தில் வைத்து, 20 மீட்டர் ஆர்.ஜி.58 கோஆக்சியல் கேபிளை மாடிக்கு இழுக்கலாமா?
– வாசகர், ஓசூர்

ப: வேண்டாம். கம்பியின் அடியில் எஸ்.டபிள்யூ.ஆர். 10 இருந்தால், 7 மெகாஹெர்ட்ஸிலேயே ஏறக்குறைய பாதிச் சக்தி கேபிளில் கரையும். ரிக் பக்கத்து மீட்டரோ 1 என்றே காட்டும். டியூனரை மாடியில் கம்பியின் அடியிலேயே மழை படாத பெட்டியில் வையுங்கள். கேபிள் ரிக்குக்கும் டியூனருக்கும் நடுவே ஓடட்டும். பேண்ட் மாற்றும்போது படியேறத்தான் வேண்டும்.