முதலில் சூடு, பிறகு தண்ணீர், அப்புறம்தான் மீன்
(வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் பென்குயின்கள் தம் குஞ்சுகளைத் தவிக்கவிட்டுப் போய்விடுமாமே, ஏன்? – கல்லூரி மாணவி, தூத்துக்குடி

பதில்: கல்நெஞ்சம் காரணமில்லை, இறகுதான் காரணம். ஆப்பிரிக்கப் பென்குயின் ஆண்டுக்கு ஒருமுறை உடம்பிலுள்ள இறகு அத்தனையையும் ஒரே மூச்சில் உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். இதற்குச் சுமார் மூன்று வாரம் பிடிக்கும். அதுவரை உடம்பில் நீர் ஒட்டாமல் தடுக்க எதுவும் இல்லாததால் கடலில் இறங்க முடியாது. பட்டினியாகக் கரையில் நிற்கும். பருவம் தாழ்ந்து பொரித்த குஞ்சு அப்போதும் கூட்டில் இருந்தால் அதற்கு இரை கொண்டுவர ஆளில்லை. ஆண்டுக் கடைசியில்தான் இப்படித் தவிக்கும் குஞ்சுகள் அதிகம்.

இறகு உதிர்வது காலங்காலமாக நடப்பது. அதன் இரையான மத்தியும் நெத்திலியும் குறைந்துபோனது புதிது. 2024 அக்டோபரில் இந்த இனம் ‘மிக அபாய நிலை’ப் பட்டியலில் சேர்ந்தது, இனப்பெருக்கம் செய்யும் ஜோடிகள் 10,000-க்கும் குறைவு. ஸ்டோனி பாயின்ட், டயர் தீவு போன்ற இடங்களிலிருந்து எடுக்கப்படும் குஞ்சுகளை, 1968-இல் தொடங்கிய ‘சான்காப்’ என்ற கடற்பறவை மீட்பு அமைப்பு வளர்த்துக் கடலுக்கே திருப்பி அனுப்புகிறது.

கேள்வி: மெலிந்து வரும் குஞ்சுக்கு உடனே மீன் கொடுத்துவிடலாமா? – இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: கூடவே கூடாது. பசித்த வயிற்றைப் பார்த்ததும் சோறு போடத் தோன்றுவது நம் சுபாவம். இங்கே அதுவே எமன். உடல் சில்லிட்ட குஞ்சின் குடல் வேலை செய்யாது. உள்ளே போன மீன் அங்கேயே கிடந்து கெடும். ஆகவே முதலில் விளக்குச் சூடு. கால்களும் வயிறும் வெதுவெதுப்பானதும் உப்புச்சத்துக் கரைசல். அடுத்து நீர்க்கச் செய்த மீன் கூழ். அது செரிக்கச் செரிக்கக் கெட்டியாக்க வேண்டும். முழு மீன் கடைசியில்தான்.

கூழ் என்பது முள், தோல் எல்லாம் நைய அரைத்து வடிகட்டிய மீனும் வைட்டமினும் நீரும். சிரிஞ்சில் ஏற்றி, மெல்லிய ட்யூப் வழியே இரைப்பைக்குள் விடுவார்கள். காலையில் முதல் வேளைக்கு முன் எடை போட்டு அளவைக் கணக்கிட வேண்டும். ஒரு வேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்குதான் உச்ச வரம்பு: 600 கிராம் குஞ்சுக்கு 60 மில்லி. மைக்ரோவேவில் சூடாக்கினால் அங்கங்கே மட்டும் கொதித்து உணவுக்குழாயைச் சுட்டுவிடும். சிரிஞ்சை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வையுங்கள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் இளஞ்சூடு தெரிந்தால் போதும்.

ட்யூப் விடும்போதுதான் கை நடுங்கும். குஞ்சு வாயைத் திறந்தால் நாக்கு தொடங்கும் இடத்தில் ஒரு சிறு துளை திறந்து மூடுவது தெரியும். அது மூச்சுக்குழாயின் வாய். ட்யூப் அதைத் தாண்டி, பறவையின் வலப்பக்கமாக இறங்க வேண்டும். கூழ் தப்பி அந்தத் துளைக்குள் போனால் நிமோனியாதான். புதியவர் கையில் முதல் நாளே ட்யூபைக் கொடுக்க மாட்டார்கள். அதுதான் சரி.

பாதி இரையில் தொண்டையில் கூழ் மேலேறி வருகிறதா? உடனே ட்யூபை எடுத்துவிட்டுத் தலையை விட்டுவிடுங்கள், அது கக்கட்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் கக்கியது நுரையீரலுக்குப் போகும். ஊட்டி முடித்த குஞ்சை வயிற்றைப் பிடித்துத் தூக்குவதும் இதே தவறுதான்.

கேள்வி: முழு மீனை எப்படி ஊட்டுவது? கொத்துமா? – மீனவர், இராமேஸ்வரம்

பதில்: கொத்தும், நன்றாகவே கொத்தும். அலகோரம் கத்தி மாதிரி. கைக்குத் தடித்த ரப்பர் உறை, உடம்புக்கு மழைக்கால மீனவர் போடும் வழவழப்பு உடுப்பு. தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, பறவையின் முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி முழங்கால்களுக்கிடையே இறுக்காமல் நிறுத்துங்கள். ஒரு கையால் தலையைப் பின்னாலிருந்து பிடித்து, மறு கையால் அலகோரத்தைத் திறந்து, தண்ணீரில் நனைத்த மத்தியைத் தலை முன்னாக உள்ளே தள்ளுங்கள். வாலை முன்னே விட்டால் செவுளும் துடுப்பும் விரிந்து தொண்டையைக் கீறும். இது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உறைந்த மீனை முந்தைய இரவே குளிர்பெட்டியில் வைத்து இளக்க வேண்டும். தண்ணீரில் ஊறப்போட்டால் சத்து கரைந்துபோகும். உறைந்த மீனில் பி1 வைட்டமின் சிதைந்துவிடுவதால், அந்த மாத்திரையை முதல் மீனின் செவுளுக்குள் செருகிக் கொடுப்பார்கள்.

கேள்வி: நான் போய்ச் சேவை செய்ய முடியுமா? – மென்பொருள் பணியாளர், கோவை

பதில்: 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், வெளிநாட்டவர் குறைந்தது ஆறு வாரமாவது தங்க வேண்டும். விசாவும் எடுக்க வேண்டும். 2000 ஜூனில் ‘ட்ரெஷர்’ கப்பல் மூழ்கிச் சுமார் 19,000 பென்குயின்கள் எண்ணெயில் நனைந்தபோது, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் கைகொடுத்தார்கள்.

ஆனால் குஞ்சைக் கொஞ்சும் ஆசையில் கிளம்பாதீர்கள். வேலை நேரத்தில் பெரும்பகுதி எச்சம் கழுவுவதிலும், துண்டு துவைப்பதிலும், பாய் தேய்ப்பதிலும் போகும். அதை இளக்காரமாக நினைத்தால் பறவை சாகும். ஈரத்துணியில் பூஞ்சை பிடித்தால் அதன் வித்துகள் நுரையீரலில் ஊன்றிக்கொள்ளும். பிறகு மருந்து கேட்பது அபூர்வம். வெறும் சிமெண்ட் தரையில் நின்றால் பாதம் புண்ணாகும், அதனால்தான் பாய். கொசு கடித்தால் பறவை மலேரியா, அதனால்தான் வலை. பறவைக் காய்ச்சல் பயத்தால் கூண்டுக்குக் கூண்டு காலணியைக் கிருமிநாசினியில் முக்கியெடுக்க வேண்டும். குஞ்சோடு பேச்சுக் கொடுக்கவும் கூடாது; மனிதரைக் கண்டு அது ஒதுங்க வேண்டும்.

கேள்வி: எப்போது விடுவார்கள்? – பள்ளி மாணவன், நாகர்கோவில்

பதில்: குஞ்சின் பழுப்புத் தூவி உதிர்ந்து நீலச்சாம்பல் இறகு வந்த பிறகு. எடையும் இரத்தப் பரிசோதனையும் தேற வேண்டும். குளத்தில் நீந்தி வந்ததும் நெஞ்சிறகை விரலால் விலக்கிப் பார்ப்பார்கள். அடித்தூவி காய்ந்திருந்தால் தேர்ச்சி, நனைந்திருந்தால் மறுபடி குளம். சில சமயம் தோற்பது ஊட்டியவரின் கவனக்குறைவால்: நெஞ்சில் சிந்திய மீன் எண்ணெயை அப்போதே துடைக்காததால். தேறியதற்குத் தோலடியில் அடையாளச் சில்லு வைத்து, பெட்டியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோவார்கள். பெட்டியைத் திறந்ததும் பல குஞ்சுகள் அலையைப் பார்த்து ஒரு நிமிஷம் அப்படியே நிற்கும். தள்ளக் கூடாது. தானாகப் போகும்.