மணி ஒலிக்கிறது, குரல் ஒருபக்கம் மட்டும்: புதியவர்களுக்கு எங்கிருந்து கற்பிப்பது?

ஐயா, வணக்கம். இராமநாதபுரத்திலுள்ள இணையத் தொலைபேசி சர்வர் வழியாக மண்டபம் ஊர்க் கிளைக்குப் பேசும்போது ஒருபக்கக் குரல் மட்டுமே கேட்கிறது, புதிதாகச் சேர்ந்த மூவருக்கு இதை எப்படிக் கற்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். அழைப்பை இணைக்கும் எஸ்ஐபி (SIP) நெறிமுறை வேறு, குரலைச் சுமக்கும் ஆர்டிபி (RTP) நெறிமுறை வேறு என்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். கிளைகளுக்கிடையே விபிஎன் (இரு இடங்களின் உள்வலையை இணையம் வழியே இணைக்கும் தனிப்பாதை) இல்லையென்றால், சர்வர் பக்கம் வயர்ஷார்க்கில் (வலையில் போகும் தரவைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) ஓர் அழைப்பைப் பதிவுசெய்து, மண்டபத்திலிருந்து வரும் இன்வைட் (அழைப்பைத் தொடங்கும்) செய்தியின் எஸ்டிபி பகுதியில், அதாவது குரலை எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லும் பகுதியில், 'சி' (c=) என்று தொடங்கும் வரியைத் திறக்கச் சொல்லுங்கள், அங்கே 192.168 என்று தொடங்கும், வெளியிலிருந்து எட்ட முடியாத உள்முகவரி இருந்தால், குரல் எங்கே தொலைகிறது என்பது அவர்களுக்கே விளங்கிவிடும். பல சமயம் ரவுட்டரின் எஸ்ஐபி ஏஎல்ஜி (எஸ்ஐபி செய்திகளிலுள்ள முகவரிகளைத் தானே மாற்றும் வசதி) அந்த முகவரியை அரைகுறையாகத் திருத்துவதும் காரணமாகும் என்பதால், அதை அணைத்துவிட்டு மீண்டும் ஓர் அழைப்பைப் பதிவுசெய்து இரண்டு பதிவுகளையும் ஒப்பிடட்டும். சான்றிதழ் வகுப்புகள் பிறகு வரலாம்.