போத்தலின் பின்பக்கம் படிக்கும் மகள்

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் வேதியியலில் கெட்டிக்காரி, ஆனால் மருத்துவம் வேண்டாம் என்கிறாள், அவளுடைய சித்தப்பா டாக்டராக்காமல் விடமாட்டேன் என்கிறார். உங்கள் கவலை புரிகிறது. சித்தப்பா சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. தனியாரில் மருத்துவம் படிக்க லட்சக்கணக்கில் ரிங்கிட் வேண்டும். படித்து முடித்தாலும் 2016 இறுதியிலிருந்து அரசாங்கம் புது டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் சேர்த்து வருகிறது. நிரந்தர வேலை கேட்டு 2021 ஜூலையில் அவர்கள் வெளிநடப்பே செய்தார்கள். ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள், வீட்டையும் அடகு வைக்காதீர்கள். கடனைக் கட்டப்போவது சித்தப்பா இல்லை.

கடையில் ஷாம்பு போத்தலைத் திருப்பி வைத்துப் படித்துக்கொண்டே நிற்கிறாள் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. அவள் படிக்கும் பெயர்களில் பல செயற்கைப் பாலிமர்கள், அதாவது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து உருவான நீண்ட மூலக்கூறுகள். ஜெல்லின் கெட்டி, கிரீமின் வழவழப்பு எல்லாம் பெரும்பாலும் அவற்றின் வேலை.

கார்போமர் என்ற வெள்ளைத் தூளையே பாருங்கள். நூறு கிராம் தண்ணீருக்கு அரை கிராம் போதும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும், கலக்கிக்கொண்டே தூவ வேண்டும். முதலில் கலங்கலாக, நீர்த்துத்தான் இருக்கும். கொஞ்சம் காரக் கரைசல் விட்டதும் சுருண்டு கிடந்த மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளி விரிய, கண்ணெதிரே தெளிந்து கெட்டியாகும். உப்பு பட்டால் மறுபடி இளகும். ஜெல்லைத் தடவியதும் அது சட்டென நீர்த்துப் பரவுகிறதே, நம் தோலில் இருக்கும் உப்புதான் காரணம். கண்டிஷனரில் வரும் பாலிகுவாட்டர்னியம் வேறு கதை: அதற்கு நேர்மின்னேற்றம், முடிக்கு எதிர்மின்னேற்றம். அலசினாலும் மெல்லிய படலம் ஒட்டி நிற்கும், சீப்பு சிக்காது.

இதைச் சரியாகக் கலக்கத் தெரிந்தவர்தான் ஃபார்முலேஷன் கெமிஸ்ட். பிற பிராண்டுகளுக்குத் தயாரித்துக் கொடுக்கும் தொழிற்சாலைகள் சிலாங்கூரில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் பொருட்களில் சேர்க்கும் மைக்ரோபிளாஸ்டிக்குக்கு, அதாவது நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களுக்கு, தடை கொண்டுவந்த பிறகு, மாற்றுப் பொருள் தேடும் வேலையும் சேர்ந்துகொண்டது. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புக்கு மெட்ரிகுலேஷன் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் ஆறாம் படிவம். செலவு மிகக் குறைவு. அப்புறம் வேதியியல் பட்டம், அல்லது நிபோங் தெபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் பாலிமர் பொறியியல். எது என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

வீட்டில் எதையாவது கலக்கிப் பார்த்தால் தடுக்காதீர்கள், கையுறை மட்டும் வாங்கிக் கொடுங்கள். அதைத் தோட்டத்துப் பெண்களுக்கு விற்க மட்டும் விடாதீர்கள். அழகுப் பொருள் எதுவானாலும் மருந்து, அழகுப் பொருள்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.விடம் முறைப்படி அறிவிக்காமல் விற்பது சட்டப்படி குற்றம்.