கைராசி இல்லை என்கிறார் கடைக்காரர்

கேள்வி: புது வீட்டுக்குக் குடிவந்த ஆசையில், ஆறடி உயர ஃபிடில் லீஃப் செடியை ஒரு நர்சரியில் 4,800 ரூபாய்க்கு வாங்கி, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தோம். மூன்றே வாரத்தில் இருபது இலைகளுக்கு மேல் கொட்டிவிட்டன. மிச்சமிருப்பவற்றிலும் பழுப்புத் திட்டுகள். நர்சரிக்காரரிடம் போய்க் கேட்டால், "உங்களுக்குக் கைராசி இல்லைங்க அம்மணி" என்று சிரிக்கிறார். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? செடி பிழைக்குமா?
– திருப்பூர் வாசகி

பதில்: கைராசியின் மேல் பழியைப் போடும் வியாபாரியை எனக்குப் பிடிப்பதில்லை. செடி தழைத்தால் அவருடைய சரக்கு நல்லது, பட்டுப்போனால் உங்கள் கை கெட்டது. நல்ல கணக்கு! ஆனாலும் அவர் உங்களை ஏமாற்றினார் என்று இந்தக் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. முதலில் செடியைக் கவனிப்போம்.

மேற்கு ஆப்பிரிக்கத் தாழ்நில மழைக்காடுகளில் நாற்பது அடி உயரம் வளரக்கூடிய மரம் இது. ஆலுக்கும் அத்திக்கும் பங்காளி. நம் ஊர் நர்சரிகளுக்கு வருபவை பெரும்பாலும் நிழல்வலைக் கூடாரத்தில் வளர்ந்தவை. ஆந்திராவின் கடியம் பகுதியிலிருந்து லாரியில் வந்து இறங்குவதும் உண்டு. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்றால், வலை அதில் பாதியை மறைத்தாலும் ஐம்பதாயிரம் மிஞ்சும். உங்கள் டிவிப் பக்கத்தில் முந்நூறு இருந்தாலே அதிகம். கைப்பேசியில் ஒளியை அளக்கும் செயலி இருக்கிறது, அளந்து பாருங்கள், அதிர்ந்துபோவீர்கள். நம் கண் சுருங்கி விரிந்து சமாளித்துக்கொள்வதால் நமக்கு ஹால் வெளிச்சமாகத்தான் தெரியும். செடியோ, வருமானம் குறைந்த வீட்டில் ஆட்களை நிறுத்துவதுபோல, கட்டுப்படியாகாத இலைகளைக் கழற்றிவிடுகிறது. அதோடு, இடம் மாறினாலே இலை உதிர்ப்பது இந்த இனத்தின் சுபாவம்.

ஆகவே ஜன்னலுக்கு இரண்டு மூன்று அடிக்குள் கொண்டுபோய் வையுங்கள். கிழக்கு ஜன்னல் உத்தமம். காலை பத்து மணிக்கு இலைமேல் கையை நீட்டினால் நிழல் தெளிவாக விழ வேண்டும். மேற்கு ஜன்னல்தான் இருக்கிறதென்றால் பங்குனி, சித்திரையில் மெல்லிய திரை போடுங்கள். ஆனி, ஆடியில் அந்த ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இந்த அகலமான இலைகளைக் கிழித்துவிடும். ஓர் இடத்தில் வைத்த பிறகு, விருந்தாளி வந்தார், வாஸ்து பார்த்தோம் என்று நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டாம்.

பழுப்புத் திட்டு எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அடி இலைகளில், நடுவில் கருத்த திட்டாக ஆரம்பித்தால் தண்ணீர் மிகுந்து வேர் அழுகுகிறது. ஓரம் மட்டும் காய்ந்து நொறுங்கினால் வறட்சியாகவோ உப்பாகவோ இருக்கலாம். அழுகல் சந்தேகம் இருந்தால், செடியைச் சாய்த்துத் தொட்டியிலிருந்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வேர் வெளுப்பாகவோ இளம்பழுப்பாகவோ உறுதியாக இருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள், மறுநடவு இப்போது வேண்டாம். கறுத்து, கொழகொழத்து, சாக்கடை வாடை அடித்தால் அந்த வேர்களை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கலவையில் நட்டாக வேண்டும். அழகுக்காக வாங்கிய பீங்கான் தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதிச் சாவுகளுக்கு அதுதான் காரணம்.

தண்ணீர் நாள் கணக்கில் ஊற்றக் கூடாது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். கோவைக்காரர்கள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசுவது சும்மா இல்லை, உப்பில்லாத அந்தத் தண்ணீர் செடிக்கும் அமிர்தம். உங்கள் வீட்டில் ஆழ்குழாய் உப்புத் தண்ணீர் என்றால் மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல மனதுதான். ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, உங்கள் ஊரில் பஞ்சுத் தூசி இலைகளில் படிந்து ஒளியை மறைக்கும். வாரம் ஒருமுறை ஈரமான பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தால் போதும். அதற்கு மட்டும் திருப்பூரில் பஞ்சமே இல்லை.

இனி பணம். வாங்கும்போதே வேர் அழுகியிருந்தது என்று காட்ட முடிந்தால், பில்லும் படமும் இருந்தால், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. "எந்த மூலையில் வைத்தாலும் வளரும்" என்று சொல்லி விற்றிருந்தாலும் கேட்கலாம், ஆனால் வாய்ச்சொல்லை நிரூபிப்பது கஷ்டம். டிவிப் பக்கத்து இருட்டு காரணமென்றால் கடைக்காரரைக் குற்றம் சொல்ல வழியில்லை. அடுத்த முறை, வைக்கப்போகும் இடத்தின் படத்தைக் காட்டி, அங்கே வளரும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில். பில்லில் செடிக்கு ஜிஎஸ்டி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். உயிருள்ள செடிகளுக்கு வரி கிடையாது, பீங்கான், பிளாஸ்டிக் தொட்டிகளுக்கு உண்டு.

உயரத்துக்குப் பணம் கொடுப்பதையும் விடுங்கள். ஆறடிச் செடி புது வீட்டுக்குப் பழகத் திணறும். இரண்டடிச் செடி சீக்கிரம் பழகிவிடும், விலையும் கொஞ்சம்தான். தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். மண்ணோடு சேர்ந்து அசையாமல் தண்டு மட்டும் லொடலொடவென்று ஆடினால், நேற்றுத்தான் பெரிய தொட்டிக்கு மாற்றி விலையை ஏற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

என்னைக் கேட்டால் ரப்பர் செடியே போதும் என்பேன். நம் நாட்டு வடகிழக்கு மலைகளைச் சேர்ந்தது. மேகாலயாவில் காசி (Khasi) பழங்குடி மக்கள் இதன் விழுதுகளை ஆற்றின் குறுக்கே இழுத்துவிட்டு உயிருள்ள பாலம் வளர்க்கிறார்கள். அவ்வளவு கெட்டி உயிர், உங்கள் ஹாலையும் தாங்கும்!

கேள்வி: இணையத்தில் மூன்றடி உயரப் படத்தைப் பார்த்து 1,500 ரூபாய் கட்டினேன். ஒரு சாண் நாற்று வந்தது. உயிருள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.
– ஈரோடு வாசகர்

பதில்: உயிருள்ளதோ உயிரற்றதோ, விளம்பரத்தில் காட்டியதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற மறுக்க விற்பனையாளருக்கு உரிமையில்லை. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் ஈரோட்டிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. ஒன்றைச் சரிபாருங்கள்: படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் "4 அங்குலத் தொட்டி" என்று போட்டிருந்ததா? போட்டிருந்தால் வழக்கு கொஞ்சம் நொண்டும். பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு புகாரை ஆரம்பியுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே தென்னை நார் மில். நார்க்கழிவு சும்மா கிடைக்கிறது. வீட்டுக்குள் வைக்கும் மரச்செடிகளுக்கு அதையே நிரப்பலாமா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: கடையில் ஐந்து கிலோ கட்டியாக அழுத்தி, காசுக்கு விற்கும் கோகோபீட் அதுதான். ஆனால் மில்லிலிருந்து வரும் பச்சைக் கழிவில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும், அப்படியே போட்டால் இலை நுனி கருகும். மழையில் கிடந்து பழையதானது மேல். இல்லையென்றால் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மூன்று நான்கு முறை அலசுங்கள். கிணற்று உப்புத் தண்ணீரில் அலசிப் பயனில்லை. அலசினாலும் அதை மட்டும் நிரப்பாதீர்கள். ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. மூன்றில் ஒரு பங்கு போதும். மீதி செம்மண், மட்கிய தொழுவுரம், கொஞ்சம் ஆற்று மணலோ கரித்துண்டோ.

கேள்வி: இந்தச் செடி காற்றைச் சுத்தம் செய்யும், நாசாவே சொல்லியிருக்கிறது என்று இருநூறு ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். உண்மையா?
– கோவை வாசகர்

பதில்: 1989இல் நாசா அறிக்கை வந்தது உண்மை. சோதித்தது மூடி அடைத்த சிறு பெட்டிகளில். காற்று புகும் நிஜ வீட்டில், ஜன்னலைத் திறப்பதற்குச் சமமான பலன் கிடைக்க ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்துச் செடிகளாவது வேண்டும் என்று பின்னாளைய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அப்புறம் நீங்கள் எங்கே உட்காருவீர்கள்? இருநூறு ரூபாய் தண்டம்.

கேள்வி: ரப்பர் செடி ஆல மர வகை, வீட்டுக்குள் ஆகாது என்கிறார் மாமியார்.
– கோபிசெட்டிபாளையம் வாசகி

பதில்: வகை விஷயத்தில் உங்கள் அத்தை சொல்வதுதான் சரி, தாவரவியல்படி ஆலும் அதுவும் ஒரே பேரினம். சுவரில் முளைத்த ஆலும் அரசும் வீட்டைப் பிளந்ததைப் பார்த்து வந்த பயம் அது. தொட்டிக்குள் இருக்கும்வரை வேர் அடங்கியிருக்கும். கிளையை வெட்டினால் வடியும் பால் தோலில் அரிக்கும், குழந்தையும் பூனையும் இலையைக் கடிக்காத உயரத்தில் வையுங்கள். தொட்டியை வாசல் மண்தரையில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அடி ஓட்டை வழியாக வேர் சத்தமில்லாமல் நிலத்துக்குள் இறங்கிவிடும், பிறகு அத்தைக்குப் பதில் சொல்வது உங்கள் பாடு.