கேள்வி–பதில்: பெரிய மீன் தொட்டிக்கு எந்த மணல், எந்தப் பின்னணி?

கேள்வி: ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் நன்னீர் தொட்டி வைக்கிறேன். அடியில் மணலா, சரளையா? எவ்வளவு தேவைப்படும்?

பதில்: என்ன மீன் விடப்போகிறீர்கள் என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே! மீனின் வாயைப் பார்த்துத்தான் அடித்தளம். சிக்லிட் இன மீனான ஜியோஃபேகஸ் வாய் நிறைய மணலை அள்ளி, இரையைச் சலித்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியே உதிர்க்கும். சிறு கெளுத்தி வகையான கோரிடோரஸ் நாள் முழுக்க மீசையால் தரையைத் துழாவும். இவற்றுக்கு 1 மில்லிமீட்டருக்கு உட்பட்ட, முனை மழுங்கிய மணல்தான் சரி. கல்லை உடைத்து எடுத்த தூள் வேண்டாம். அதன் கூர்முனை பட்டுப் பட்டு மீசை தேய்ந்துபோகும். நடுநீரில் நீந்தும் மீன்கள் மட்டும் என்றால் 3 முதல் 5 மில்லிமீட்டர் சரளையும் போடலாம். ஆனால் தீனியும் கழிவும் அதன் இடுக்கில் இறங்கிவிடும், வாராவாரம் குழாய் வைத்து உறிஞ்ச வேண்டும். மணலில் அழுக்கு மேலேயே நிற்கும். அசிங்கமாகத் தெரியும், ஆனால் எடுப்பது சுலபம்.

கணக்கு இதுதான்: 180 × 60 செ.மீ. தரையில் 5 செ.மீ. ஆழம் என்றால் 54 லிட்டர் மணல். ஒரு லிட்டர் உலர்ந்த மணல் சுமார் ஒன்றரை கிலோ. ஆக 80 கிலோ. செடி இல்லாத தொட்டிக்கு 3 செ.மீ., அதாவது 50 கிலோ போதும். நுண்மணலை ஆழமாகக் கொட்டினால் அடியில் ஆக்ஸிஜன் போகாமல் கறுத்து, கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு நஞ்சு. வேர் பிடிக்கும் செடிகள் இருக்கும் மூலையில் மட்டும் 6, 7 செ.மீ. மேடாக்குங்கள்.

பெரிய பாறைகளை முதலில், கண்ணாடிமேல் ஒரு மெல்லிய ஃபோம் விரித்து வைத்துவிட்டு, பிறகு மணலைக் கொட்டுங்கள். மணல்மேல் பாறை வைத்தால், தோண்டுகிற சிக்லிட் ஒரே இரவில் அதைச் சாய்த்துவிடும்.

கேள்வி: கிடைத்த சரளை தண்ணீரைக் கெடுக்குமா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: கழுவி உலர்த்திய கைப்பிடிச் சரளையில் வினிகர் ஊற்றிக் காதருகே வையுங்கள். நுரைத்தாலோ, சீறல் கேட்டாலோ சுண்ணாம்பு இருக்கிறது. அது கரையக் கரையத் தண்ணீரின் கடினத்தன்மையும் பிஎச்சும் (அமில–கார அளவு) ஏறும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்களுக்கு அது நல்லதே, மென்னீர் மீனான டிஸ்கஸுக்கு ஆகாது.

கேள்வி: தெர்மாகோலில் பாறை போலச் செதுக்கி, சிமென்ட் பூசி உள்ளே ஒட்டினேன். தண்ணீர் நிரப்பிய மூன்றாம் நாள் பெயர்ந்து மிதக்கிறது. ஏன்?

பதில்: தெர்மாகோலின் மிதப்பு விசையைக் குறைத்து எடைபோட்டுவிட்டீர்கள். உங்கள் பலகை செதுக்கியது போக 35 லிட்டர் கொள்ளளவு இருந்தாலும், அதை மேலே தள்ளும் விசை ஏறக்குறைய 35 கிலோ எடைக்குச் சமம். மெல்லிய சிமென்ட் பூச்சு அதில் கொஞ்சத்தைத்தான் ஈடுகட்டும். மீதியைப் பசைதான் இரவும் பகலும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொரு தவறும் நடந்திருக்கலாம். சிலிக்கான் பசை காற்றின் ஈரத்தில்தான் இறுகும். பலகை முழுக்க அப்பி ஒட்டினால் ஓரம் இறுகி, நடுப்பகுதி வாரக்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கும். பசையைக் கோடு கோடாக, இடையில் மூன்று நான்கு விரல் இடைவெளி விட்டு இழுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கான்தானா என்று குப்பியில் படித்துப் பாருங்கள். குளியலறைக்கு விற்பதில் பெரும்பாலும் அந்த மருந்து இருக்கும். தொட்டியை மல்லாத்தி, பலகைமேல் பாரம் ஏற்றி, ஒரு வாரம் விடுங்கள். பலகையின் மேல் விளிம்பு, தொட்டியின் மேற்புறம் குறுக்கே ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டைக்கு அடியில் முட்டி நிற்கும்படி வெட்டினால் பசைக்குச் சுமை குறையும்.

சிமென்ட் புதிதாக இருக்கும்போது சுண்ணாம்பைக் கக்கும். தண்ணீர் நிரப்பி, சில நாளுக்கு ஒருமுறை மாற்றி, பிஎச் ஏறாமல் நிற்கும்வரை காத்திருங்கள். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். வண்ணம் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்காக இருக்கட்டும். தின்னர் கலந்த பெயிண்ட் தெர்மாகோலையே கரைத்துவிடும். பலகைக்குப் பின்னால் சந்து விடாதீர்கள், சிறு மீன் நுழைந்து செத்தால் எடுக்க முடியாது.

கேள்வி: அவ்வளவு வேலை வேண்டாம். பின்கண்ணாடிக்கு வெளியே கறுப்பு ஒட்டலாமா, நீலமா?

பதில்: என் வாக்கு கறுப்புக்கே. குழாயும் ஹீட்டரும் கண்ணில் படாமல் மறையும், மீனின் நிறம் அழுத்தமாகத் தெரியும். வெளிர் மணலும் வெளிர் பின்னணியும் சேர்ந்தால் பல மீன்கள் சூழலுக்கேற்ப வெளிறிவிடும். படம் அச்சிட்ட தாளைச் செல்லோ டேப்பால் ஒட்டினால் இடையில் ஈரம் புகுந்து திட்டுத் திட்டாகும். ஒட்டும் வினைலை, கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி ஒட்டுங்கள். சோப்பு வெளிப்புறத்தோடு நிற்கட்டும். இதைத் தொட்டியைச் சுவரோரம் தள்ளும் முன்பே செய்ய வேண்டும். நிரப்பிவிட்டால் அசைக்க முடியாது.

கேள்வி: மீன்கள் இருக்கும்போதே சரளையை மாற்றி மணல் போட முடியுமா?

பதில்: முடியும். ஃபில்டரைக் கழுவாதீர்கள், கழிவின் அம்மோனியாவைச் சிதைத்து நன்மை செய்யும் பாக்டீரியா பெரும்பங்கு அதில்தான். சரளையில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, இரண்டு வாரம் விட்டு அடுத்த பங்கு. இடையில் அம்மோனியா சோதியுங்கள். மணலைச் சிறிது சிறிதாக வாளியில் கலங்கல் போகும்வரை அலசி, அகலமான குழாய் வழியே தரையை ஒட்டி இறக்குங்கள். அந்த நேரம் ஃபில்டரை நிறுத்திவிடுங்கள். உறிஞ்சுமுனை தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்திலாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் மணல் ஏறி ஃபில்டரின் சுழலியை (இம்பெல்லர்) அரைத்துவிடும்.