68 வயதில் பீடியையும் குடியையும் விட்டால் பயன் உண்டா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. 23 வயதிலிருந்து பீடி பிடிக்கிறார். இப்போது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. இருபது வருடமாகத் தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர் பிராந்தி. விடச் சொன்னால், "தெருக்கோடி வீட்டுக்காரர் நாற்பது வருஷம் பிடிச்சார், ஒண்ணும் ஆகல. விட்ட ஆறாவது மாசம் கேன்சர் வந்துடுச்சு. இந்த வயசுல விட்டா உடம்பு தாங்காது" என்கிறார். இது உண்மையா? இனிமேல் விட்டு என்ன பயன்? என்னென்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

பயன் நிச்சயம் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி விடக் கூடாது. பீடியை இன்றைக்கே நிறுத்தலாம், அதனால் ஆபத்து இல்லை; இளைப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தினமும் குவார்ட்டர் குடித்தவர் மருத்துவர் துணையில்லாமல் குடியை ஒரே நாளில் நிறுத்துவதுதான் ஆபத்து; சிலருக்கு உயிரே போயிருக்கிறது. ஆகவே "உடம்பு தாங்காது" என்று உங்கள் அப்பா பயப்படுவதை அப்படியே தள்ளிவிடாதீர்கள். குடியைப் பொறுத்தவரை அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதற்கு மருத்துவமும் இருக்கிறது.

முதலில் தெருக்கோடி வீட்டுக்காரர் விஷயம். நுரையீரலில் ஒரு செல் கெட்டு, அது ஸ்கேனில் தெரியும் கட்டியாக வளரப் பல வருடங்கள் ஆகும். ஆறு மாதத்தில் கட்டி முளைப்பதில்லை. பெரும்பாலும் நடப்பது இதுதான்: கட்டி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதனால் இருமல் கூடுகிறது, மூச்சு வாங்குகிறது, பீடியே பிடிக்காமல் போகிறது. ஆள் "போதும்" என்று விட்டுவிடுகிறார். பிறகு டாக்டரிடம் போகும்போது நோய் தெரியவருகிறது. நோய் வந்ததால் விட்டாரே தவிர, விட்டதால் நோய் வரவில்லை. இதை அப்பாவிடம் பொறுமையாக விளக்குங்கள். எத்தனையோ வீடுகளில் இந்த ஒரு நம்பிக்கைதான் கடைசிவரை பீடியைக் கையிலிருந்து இறங்கவிடாமல் வைத்திருக்கிறது.

நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு நாளைக்கு எத்தனை என்பதைவிட எத்தனை வருடம் என்பதே பெரிய கணக்கு. 45 வருடப் புகை 15 வருடப் புகையைப் போல மூன்று மடங்கு ஆபத்தோடு நின்றுவிடாது, அதைவிடப் பல மடங்கு ஏறும். முன்பு ஒரு கட்டு, இப்போது பன்னிரண்டுதான் என்று குறைத்துக்கொண்டவர்கள் ஆறுதல் அடைய முடியாததும் இதனால்தான். வயது வேறு சேர்ந்துகொள்கிறது: செல்லில் விழும் பழுதைச் சரிசெய்யும் திறனும் கெட்ட செல்லை அழிக்கும் எதிர்ப்பு சக்தியும் அறுபதுக்கு மேல் குறைகின்றன. பீடியில் புகையிலை குறைவு, இலைதானே என்று நினைப்பவர்கள் உண்டு. பீடி அணையாமல் இருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் குறையாமலே உள்ளே போகின்றன.

இந்த வயதில் விட்டு என்ன லாபம் என்பதற்கு நல்ல ஆதாரம் பிரிட்டனில் இருக்கிறது. அங்கே 1951-ல் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தைப் பதிவுசெய்து, ஐம்பது வருடம் தொடர்ந்து கவனித்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். 40 வயதில் விட்டவர்கள், விடாதவர்களைவிடச் சுமார் 9 வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்குக் கிடைத்தது சுமார் 3 வருடம். மூன்று வருடம் சின்ன விஷயமில்லை. புகையால் கூடிய வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய் அபாயம், விட்ட 5 முதல் 10 வருடத்தில் பாதியாகிறது. நுரையீரலுக்கு 10 முதல் 15 வருடம் ஆகும். ஒருவேளை நாளைக்கு ஏதாவது நோய் வந்தாலும் புகைக்காதவருக்கு ஆபரேஷன் புண் சீக்கிரம் ஆறும், கதிர்வீச்சு சிகிச்சையும் நன்றாக வேலை செய்யும்.

இனி குடி. 180 மில்லி குவார்ட்டரில் இருக்கும் சுத்த ஆல்கஹால் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் பலர் அதிர்ந்துபோவார்கள். நம் ஊர் பிராந்தி 42.8 சதவீதம். அதாவது 77 மில்லி, எடையில் சுமார் 60 கிராம். தினமும் 50 கிராமுக்கு மேல் போனால் அதிகக் குடி என்றே ஆய்வுகளில் வைத்திருக்கிறார்கள். அந்த அளவில் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் குடிக்காதவரைவிடச் சுமார் ஐந்து மடங்கு. கல்லீரலுக்குச் சுமார் இரண்டு மடங்கு. பெருங்குடலுக்கும் கூடுகிறது. பிராந்தி, பீர், ஒயின், கள் என்று எதுவானாலும் கெடுப்பது ஆல்கஹால்தான். உயர்ந்த சரக்கு என்பதால் குறைந்துவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

உங்கள் அப்பா விஷயத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது இரண்டும் சேர்ந்திருப்பதுதான். ஆல்கஹால் உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறி மரபணுவை அறுக்கிறது. வாயில் இருக்கும் பாக்டீரியாக்களும் இதைத் தயாரிக்கின்றன. புகைப்பவர், பல் சரியாகத் துலக்காதவர் வாயில் இன்னும் அதிகமாக. அதோடு வாயின் உள்தோலை ஆல்கஹால் இளக்கிவிடுவதால் பீடிப் புகையின் நச்சுகள் எளிதாக ஊடுருவுகின்றன. ஆகவே வாய்க்கும் தொண்டைக்கும் இரண்டு அபாயங்களும் வெறும் கூட்டலாகச் சேர்வதில்லை, ஒன்றை ஒன்று பெருக்குகின்றன. இரண்டையும் அதிகமாகச் செய்பவருக்கு இரண்டும் இல்லாதவரைவிட முப்பது மடங்குக்கு மேல் அபாயம் என்று கண்டிருக்கிறார்கள். வயதானால் உடம்பில் நீர் குறைவதால் நாற்பதில் குடித்த அதே குவார்ட்டர் அறுபத்தெட்டில் ரத்தத்தில் கூடுதலாக ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குடியை நிறுத்தும் முறையைக் கவனமாகப் படியுங்கள். தினசரிக் குடி திடீரென்று நின்றால் ஆறு மணி நேரத்துக்குப் பிறகு கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாவது, நான்காவது நாளில் ஆளை அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாத பூச்சியும் ஆளும் தெரிவது, காய்ச்சல், ரத்த அழுத்த ஏற்றம் என்று முற்றினால் ஐ.சி.யூ.வில்தான் சமாளிக்க முடியும். பெரியவர்களுக்கு வந்தால் இதை "வயசான குழப்பம்" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷனுக்குச் சேர்த்தவர் மூன்றாம் நாள் இப்படிப் புலம்புவதுண்டு. குடிப் பழக்கத்தை வீட்டார் மறைத்ததால் மருத்துவர்களுக்குக் காரணம் தெரியாமல் போகும். எந்த ஆஸ்பத்திரியில் எதற்காகச் சேர்த்தாலும், எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பொது மருத்துவரோ மனநல மருத்துவரோ ஒரு வார காலத்துக்கு, படிப்படியாகக் குறையும் அளவில், நடுக்கத்தை அடக்கும் மாத்திரை தருவார். வயதானவர், கல்லீரல் சந்தேகம் உள்ளவர் என்பதால் லோராசிபாம் போன்ற, உடம்பில் அதிகம் தேங்காத மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். தயமின் என்ற பி1 ஊசியும் அவசியம். அதைப் போடாமல் வீட்டிலேயே குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். முன்பு வலிப்பு வந்திருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்தே நிறுத்துவது நல்லது. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் "குடி நிறுத்தும் பொடி" எதையும் தொடாதீர்கள். அதில் குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிரம் என்ற மருந்து இருந்து, மேலே குடியும் போனால் ரத்த அழுத்தம் சரிந்து வயதான இதயம் நின்றுவிடலாம்.

பீடிக்கு வருவோம். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடி வேண்டியிருந்தால் நிகோட்டின் பழக்கம் ஆழமானது என்று அர்த்தம். அவருக்கு 4 மில்லிகிராம் நிகோட்டின் கம், இல்லையென்றால் 2 மில்லிகிராம். முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கம், பிறகு இடைவெளியைக் கூட்டி பன்னிரண்டு வாரத்தில் முடிக்க வேண்டும். பலர் இதைச் சூயிங்கம் போல மென்று விழுங்கி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, இரண்டே நாளில் தூக்கிப் போடுகிறார்கள். காரம் தெரியும்வரை மெதுவாகக் கடித்து, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்தால் திரும்பக் கடிக்கலாம். அரை மணி நேரம் இப்படி. காபி குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் நிகோட்டின் ஏறாது. பல்செட் வைத்திருப்பவருக்கு கம் ஒட்டிக்கொள்ளும். அவருக்குத் தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச் நல்லது. பன்னிரண்டு பீடிக்கு வழக்கமான அளவு: 21 மில்லிகிராம் ஆறு வாரம், 14 இரண்டு வாரம், 7 இரண்டு வாரம். இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். புகையை விடத் தரும் புப்ரோபியான் மாத்திரை உங்கள் அப்பாவுக்கு இப்போது வேண்டாம். குடி நிறுத்தும் நேரத்தில் அது வலிப்பைத் தூண்டும்.

விட்ட சில வாரம் இருமலும் சளியும் கூடலாம். மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் திரும்ப வேலை செய்து அழுக்கை வெளியேற்றுவதுதான் காரணம். மலச்சிக்கலும் வரும். முன்கூட்டியே சொல்லி வைத்தால் பயந்து மறுபடி பற்றவைக்க மாட்டார். இளைப்புக்கு டெரிஃபிலின் போன்ற தியோபிலின் மாத்திரை சாப்பிடுபவரென்றால், புகை நின்றதும் அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறி, வாந்தியும் படபடப்பும் தரும். டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்க வேண்டும். காபியும் அப்படியே: விட்டதும் பாதியாக்குங்கள், தூக்கம் கெடாது.

டெஸ்ட் என்றதும் மாஸ்டர் செக்அப்பில் எடுக்கும் மார்பு எக்ஸ்ரே நினைவுக்கு வரும். அது தேடிப் பிடிக்கும் பரிசோதனை இல்லை. அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எக்ஸ்ரேயையும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேனையும் ஒப்பிட்டு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், சி.டி. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைந்தது. அங்கே 50 முதல் 80 வயதுக்குள், 20 'பேக் இயர்' புகைத்தவர்களுக்கு வருடம் ஒருமுறை எடுக்கச் சொல்கிறார்கள். கணக்கு இது: தினசரி எண்ணிக்கையை 20-ஆல் வகுத்து வருடங்களால் பெருக்க வேண்டும். பீடியைச் சிகரெட்டாகவே எண்ணினால் உங்கள் அப்பாவுக்கு 12 வகுத்தல் 20, பெருக்கல் 45: 27. தகுதி உண்டு. ஆனால் காசநோய் தழும்பு அதிகமுள்ள நம் நாட்டில் ஸ்கேனில் சின்னப் புள்ளி தெரிவது சாதாரணம். பெரும்பாலானவற்றுக்குச் சில மாதம் கழித்து மறு ஸ்கேன் போதும், உடனே ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டியதில்லை. கட்டி தெரிந்தால் ஆபரேஷனைத் தாங்கும் உடல் இருக்கிறதா, அவர் சம்மதிப்பாரா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை, தட்டணுக்கள் எண்ணிக்கை, ஹெபடைடிஸ் பி, சி, வயிற்று அல்ட்ராசவுண்ட். கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் தொடர வேண்டும். மலத்தில் மறைந்த ரத்தம் பார்ப்பது எளிது, அதையும் சேருங்கள். சி.இ.ஏ. போன்ற கட்டிக் குறியீட்டு ரத்தப் பரிசோதனைகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அவை நோய் தேட உதவாது.

இவருக்கு மிகவும் முக்கியமானது வாய்ப் பரிசோதனை, செலவும் குறைவு. திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-ல் முடிவு வந்தது. வருடம் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாதம் ஒருமுறை வீட்டிலேயே பல்செட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, உதட்டின் உட்புறம், இரண்டு கன்னம், ஈறு, அண்ணம், நாக்கின் இரு ஓரம், நாக்கைத் தூக்கி அடிப்பகுதி என்று வரிசையாகப் பாருங்கள். கழுத்தின் இருபுறமும் விரலால் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பார்க்கவும். வெள்ளைத் திட்டைவிடச் சிவப்புத் திட்டு ஆபத்தானது.

மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண் பல்செட் உரசியதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். மூன்று வாரம் நீடிக்கும் குரல் கரகரப்புக்கும், ஒரு காதில் மட்டும் காரணமில்லாத வலிக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர். சோறு தொண்டையில் நிற்கிறது, ரசம் மட்டும் இறங்குகிறது என்றால் அந்த வாரமே எண்டோஸ்கோபி. சிறுநீரில் வலியில்லாமல் ஒரே ஒருமுறை ரத்தம் போனாலும் உடம்புச் சூடு என்று இளநீர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் புகைதான் பெரிய காரணம். சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தும் காசநோய் மருந்து தொடங்கி, இரண்டு மாதத்தில் எடை ஏறவில்லை, எக்ஸ்ரேயில் தெரிந்த நிழல் கரையவில்லை என்றால் சி.டி. கேளுங்கள்.

முதல் சந்திப்புக்குக் காலையில் அழைத்துப் போங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். பீடியை விட ஆலோசனைக்கு 1800-112-356 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது, அவரே பேசட்டும். குடியை நிறுத்தும் தேதியை மட்டும் டாக்டர் குறிக்கட்டும். அதுவரை நீங்களாகப் பாட்டிலை ஒளித்து வைக்க வேண்டாம்.